செய்தது ஆர்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஆய்வு அறிக்கைகளில் ‘செய்யப்பட்டது’, ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதினால் செய்த ஆள் மறைந்துபோவார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு பக்கத்தாலும் கடிதம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: நான் விவசாய பீடத்தில் இறுதியாண்டு. கச்சானுக்குச் சேதனப் பசளை இடுவது பற்றி ஆய்வு செய்கிறேன். ஆய்வேடு ஆங்கிலத்தில். ‘நாங்கள் எடுத்தோம்’, ‘நாங்கள் அளந்தோம்’ என்று எழுதியிருந்த இடங்களை எல்லாம் என் மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவால் வெட்டி, ‘எடுக்கப்பட்டது’, ‘அளக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிறகு கருத்தரங்கில் வேறொரு விரிவுரையாளர், “எல்லாம் செய்யப்பட்டது, செய்யப்பட்டது என்றால், பிள்ளை நீர் என்ன செய்தனீர்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் ஆருடைய சொல்லைக் கேட்பது? என் பந்தி ஒன்றைத் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன்.
– மாணவி, முறிகண்டி

பதில்: பிள்ளை, முறிகண்டியில் இருந்துகொண்டு கச்சானில் ஆய்வு செய்யாமல் வேறெதில் செய்வது! உங்கள் சேர் சொன்னதும் சரி, கருத்தரங்கில் எழும்பிக் கேட்டவர் கேட்டதும் சரி. இரண்டு பேரும் உங்கள் பந்தியின் வெவ்வேறு வரிகளைப் பார்த்துக் கதைக்கிறார்கள். நீங்கள் அனுப்பியதை அப்படியே போடுகிறேன்:

‘பரிசோதனை எழுமாற்று முழுமைத் தொகுதி முறையில் அமைக்கப்பட்டது. மண் மாதிரிகள் 15 சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டு, காற்றில் உலர்த்தப்பட்டு, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்கப்பட்டன. ஈரப்பதன் 105 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் உலர்த்தப்பட்டு அளவிடப்பட்டது. காட்டுப்பன்றி கிளறிய நான்கு பாத்திகள் பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்டன. சேதனப் பசளை இட்ட பாத்திகளில் விளைச்சல் கூடுதலாக இருந்தமை அவதானிக்கப்பட்டது. மண்ணின் நீர்ப்பிடிப்புக் கூடியதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது.’

முதல் இரண்டு வரிகளையும் தொடாதீர்கள். வாசிக்கிறவருக்கு வேண்டியது எவ்வளவு ஆழம், அரிதட்டின் கண் எவ்வளவு என்பதுதான். அரித்தது நீங்களா, உங்கள் சிநேகிதியா, பண்ணையில் வேலை செய்யும் அண்ணரா என்பதால் மண் மாறப்போவதில்லை. பேராதனையில் ஒருவர் இதையே செய்து பார்க்க நினைத்தால் அவருக்கும் இதே விபரம் போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியையும் ‘நாங்கள்’ என்று தொடங்கினால், மண்ணைப் பார்க்க வந்தவர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த இடத்தில் சிவப்புப் பேனா சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

மூன்றாம் வரியில் ஒரு வேடிக்கை. ஈரப்பதனையா 24 மணித்தியாலம் உலர்த்தினீர்கள்? உலர்த்தியது மண்ணை. செய்த ஆளை வரியை விட்டு வெளியேற்றியதும், ‘உலர்த்தப்பட்டு’ என்ற எச்சத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடுகிறது. பக்கத்தில் எது நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கில ஆய்வேடுகளிலும் இதே வழுக்கல் நிறைய உண்டு: அமிலத்தன்மையே மாதிரிகளை உலர்த்திவிட்டுப் போய்த் தன்னை அளந்துகொண்டதுபோல எழுதியிருப்பார்கள். ‘மண்ணை 105 பாகையில் 24 மணித்தியாலம் உலர்த்தி, குறைந்த நிறையிலிருந்து ஈரப்பதனைக் கணித்தோம்’ என்று எழுதினால் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.

இனித்தான் பன்றி. ‘காட்டுப்பன்றி கிளறிய நான்கு பாத்திகள் நீக்கப்பட்டன.’ இந்த ஒரு வரியில் பன்றிக்குச் செய்வினை, உங்களுக்குச் செயப்பாட்டுவினை! பன்றி தான் செய்ததை ஒளிக்கவில்லை. பாத்திகளை நீக்கியது ஆர்? எப்போது? கச்சானைப் பிடுங்கி நிறுப்பதற்கு முதலா, நிறுத்து எண்களைப் பார்த்த பிறகா? அந்த நான்கும் பசளை இட்ட பாத்திகளா, இடாதவையா? நான்கும் பசளை இட்டவை என்று வையுங்கள். விளைச்சல் குறைந்த நான்கை எடுத்துவிட்டால் மிச்சத்தின் சராசரி தானாக ஏறும், சேதனப் பசளை கெட்டிக்காரப் பசளையாகிவிடும். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வாசிக்கிறவர் அதைத்தான் யோசிப்பார், யோசிக்கவும் வேணும். இது மண் அரிக்கிற வேலை இல்லை, ஒரு முடிவு. முடிவுக்கு ஆள் வேணும். ‘காட்டுப்பன்றி கிளறிய நான்கு பாத்திகளை, அறுவடைக்கு முன்னரே, பகுப்பாய்வில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம், அவற்றில் இரண்டு பசளை இட்டவை, இரண்டு இடாதவை.’ நடந்தது அப்படித்தான் என்றால் இப்படி எழுதுங்கள். வேறு மாதிரி நடந்திருந்தால் நடந்ததை எழுதுங்கள்.

‘கூடுதலாக இருந்தமை அவதானிக்கப்பட்டது’ என்பதில் செய்வினையும் வேண்டாம், செயப்பாட்டுவினையும் வேண்டாம். ‘கூடுதலாக இருந்தது’, அதோடு எண்ணை எழுதுங்கள், முடிந்தது.

கடைசி வரியில் ‘கருதப்படுகின்றது’. ஆரால்? உலகத்து மண் விஞ்ஞானிகள் எல்லாராலுமா, முறிகண்டியில் இருக்கிற உங்களாலா? முன்னர் ஒருவர் சொன்னது என்றால் அவர் பெயரைப் போடுங்கள். உங்கள் ஊகம் என்றால் ‘நாங்கள் கருதுகிறோம்’ என்று துணிந்து எழுதுங்கள். இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிறபடியால்தான் எனக்குக் ‘கருதப்படுகின்றது’ என்பதைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

நீங்கள் அனுப்பாத இன்னொரு வரியும் ஆய்வேட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். மண்ணின் நைதரசன் அளவை நீங்களே அளந்தீர்களா, வேறோர் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து அளப்பித்தீர்களா? இரண்டையும் ‘அளவிடப்பட்டது’ என்று எழுதலாம். உங்களுக்குப் புள்ளி போடுகிறவருக்கோ அதுதான் தெரியவேணும். கருத்தரங்கில் அந்தக் கேள்வி வந்தது இதற்காகத்தான் இருக்கும்.

‘நாங்கள்’ என்று எழுதினால் விஞ்ஞானமாகாது என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். இலண்டன் றோயல் சொசைற்றியின் ஆய்விதழ் 1665இல் தொடங்கியது. ஒளியும் நிறங்களும் பற்றி நியூற்றன் எழுதிய கடிதம் 1672இல் அதில் வந்தது. முக்கோணக் கண்ணாடி ஒன்றை வாங்கியதையும், அறையை இருட்டாக்கி யன்னல் கதவில் சின்ன ஓட்டை போட்டு வெயிலை உள்ளே விட்டதையும் அவர் ‘நான், எனது’ என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். செயப்பாட்டுவினை பிறகுதான் விஞ்ஞானத்தின் சீருடை ஆயிற்று. ஆய்வுகூடங்கள் பெருத்து, முறைகள் பொதுவாகி, ஆர் செய்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் வலுத்த காலம் அது. அந்தக் காலத்திலும் எல்லாரும் அப்படி எழுதவில்லை. டீ.என்.ஏ.யின் அமைப்பைச் சொல்லி வொற்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சின்னக் கட்டுரையின் முதற் சொல்லே ‘நாங்கள்’தான்: ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்று தொடங்குகிறார்கள். இன்று அதே ‘நேச்சர்’ குழும இதழ்கள், கூடியவரை செய்வினையில் எழுதுங்கள் என்றே ஆய்வாளர்களுக்குச் சொல்கின்றன.

சேரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஈரப்பதன் வரியைத் திருத்திவிட்டு, முறையியல் அத்தியாயத்தின் மிச்சத்தை அவர் சொன்னபடி விடுங்கள். பாத்தி நீக்கிய வரி, ‘கருதப்படுகின்றது’ வரி, நைதரசன் வரி இந்த மூன்றையும் மட்டும் கொண்டுபோய்க் காட்டி, “இதில் மட்டும் எங்களைப் போடட்டோ சேர்?” என்று கேளுங்கள். பன்றிக் கதையைச் சொன்னால் ஓம் என்பார்.

கேள்வி: உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். செய்முறைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை ‘நான் எடுத்தேன், நான் விட்டேன்’ என்று எழுதுகிறது. பிழை போடலாமா? அது எழுதியதைக் கீழே தருகிறேன்.
– ஆசிரியை, முள்ளியவளை

பதில்: ரீச்சர், போடாதீர்கள். நானும் வெண்கட்டியும் கையுமாக இதே பாடத்தோடு மல்லுக்கட்டின ஆள்தான், உங்கள் சங்கடம் விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எழுதியதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: ‘குழாயியால் 25 கன சென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக் கூம்புக் குடுவைக்குள் விட்டேன். பினோப்தலீன் இரண்டு துளி போட்டேன். அளவியால் சோடியம் ஐதரொட்சைட்டு விட விட றோஸ் நிறம் வந்து வந்து போனது. பிறகு ஒரே ஒரு துளியில் வந்த நிறம் குலுக்கியும் போகவில்லை. அதோடு திருகைப் பூட்டினேன்.’

இது நியமிப்பை, அதாவது அமிலத்துக்குள் காரம் விட்டு அளக்கும் வேலையை, கண்ணால் பார்த்த பிள்ளை. ‘வந்து வந்து போனது’ என்று எழுத, குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருக்க வேணும். மாதிரி விடையில் நாங்கள் கொடுப்பது என்ன? ‘முடிவுப்புள்ளி அவதானிக்கப்பட்டது.’ பக்கத்து வாங்கில் இருப்பவனின் கொப்பியைப் பார்த்து எழுதினாலும் அந்த வரி சரியாகத்தான் இருக்கும். செயப்பாட்டுவினையின் சௌகரியமே அதுதான், செய்யாதவனுக்கும் பொருந்தும்!

குறை பிடிக்கவேண்டிய இடம் வேறு. அமிலத்தின் செறிவு எழுதவில்லை. அளவியின் தொடக்க வாசிப்பும் இறுதி வாசிப்பும் எழுதவில்லை. ஒரு தரம்தான் செய்ததா, வாசிப்புகள் ஒத்துவரும்வரை திரும்பச் செய்ததா என்றும் இல்லை. அதற்குப் புள்ளியைக் குறையுங்கள்.

பல்கலைக்கழகம் போனால் செயப்பாட்டுவினையில் எழுதத் தெரியத்தான் வேணும், அதை ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுத்து விடலாம். ‘வந்து வந்து போனது’ என்று பார்க்கப் பழக்குவதற்குத்தான் வருசக்கணக்கு வேணும்.

கேள்வி: ‘படு’ சேர்த்து எழுதும் வழக்கமே ஆங்கிலத்திலிருந்து வந்த நோய் என்கிறேன் நான். பழந்தமிழில் இது இல்லை. விஞ்ஞானத் தமிழில் செயப்பாட்டுவினையை அடியோடு விலக்கினால் என்ன?
– ஓய்வுபெற்ற அலுவலர், வவுனியா

பதில்: ஐயா, நோய் பாதி உண்மை. ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘வானுறையும் தெய்வத்துள் வைக்கப்படும்’ என்று வள்ளுவர் எழுதியபோது அவருக்கு ஆங்கிலம் ஆர் படிப்பித்தது?

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்கிறது வினையியல். செய்யப்படும் பொருளை, தானே செய்ததுபோலச் சொல்வதும் வழக்கம்தான் என்று அர்த்தம். உரைகாரர் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகாது. மெழுகிய கை ஒன்று உண்டு. அது ஆருடையது என்பது கதைக்குத் தேவையில்லை, அதனால் சொல்லவில்லை. படுவும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் பேச்சில் இந்த வசதி இன்னும் உயிரோடு இருக்கிறது: வயல் உழுதாச்சு, வேலி அடைச்சாச்சு, நெல்லு வெட்டியாச்சு. ஆளும் இல்லை, செயப்பாட்டுவினையும் இல்லை, ஒருவருக்கும் விளங்காமலும் இல்லை.

எழுத்திலும் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வழி கூட. ஆங்கிலத்தில் செய்வினை என்றால் ‘நாங்கள்’ முன்னே வந்து நின்றே ஆகவேணும். தமிழில் ‘உலர்த்தினோம்’ என்றாலே ஆள் வினையின் வாலில் இருக்கிறார். ‘மண்ணை எடுத்து, உலர்த்தி, இடித்து, அரித்தோம்’ என்று நாலு வேலையை ஒரு ‘ஓம்’ சுமக்கும். இவ்வளவு இருக்க, ‘எடுக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, இடிக்கப்பட்டு, அரிக்கப்பட்டது’ என்று மண்ணை ஏன் இப்படிப் படாதபாடு படுத்துவான்?

நீங்கள் சொன்ன நோயின் அசல் குறி வேறு: ‘மாதிரிகளைச் சேகரிக்கப்பட்டன.’ வாரத்துக்கு ஒரு தரமாவது என் மேசைக்கு வருகிறது. ஒன்றில் ‘மாதிரிகளைச் சேகரித்தோம்’, அல்லது ‘மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’. ‘மாதிரிகளை’யில் உள்ள ஐ உருபும் படுவும் ஒரே வரியில் குடித்தனம் நடத்தாது. இதற்கு அடுத்தது, தன்பாட்டில் நடப்பதற்குப் படு போடுவது. ‘வெப்பநிலை ஏறியபோது வினையின் வேகம் அதிகரிக்கப்பட்டது’ என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று கூட்டினார் என்று அர்த்தம். வேகம் அதிகரித்தது, அவ்வளவுதான். உப்பு கரையும், நாங்கள் கரைப்போம். பனி உருகும், நாங்கள் உருக்குவோம். இந்தச் சோடி வினைகள் தமிழில் கைநிறைய இருக்கின்றன. பரிசோதனை எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

அடியோடு விலக்கத் தேவையில்லை. மாரியில் ‘இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன’ என்று செய்தி வந்தால், கனகராயன் ஆற்றங்கரைச் சனம் முதலில் கேட்பது எத்தனை கதவு, எத்தனை அடி என்றுதான். அந்த நேரத்தில் திறந்தவர் பெயர் ஆருக்கு வேணும்? வெள்ளம் வடிந்து, நேரத்துக்குத் திறந்தார்களா பிந்தித் திறந்தார்களா என்று விசாரிக்கிற அறிக்கையில் அதே வரியை அப்படியே எழுதினால் ஒத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: ‘காணப்படுகின்றது’ என்று பாடப்புத்தகம் முழுக்க இருக்கிறது. சரியா?
– மாணவன், மல்லாவி

பதில்: ‘வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில் காணப்படுகின்றது’ என்று எழுதுவார்கள். தம்பி, குளம் அங்கே இருக்கிறது. ஆரும் பார்க்காத நடுச்சாமத்திலும் இருக்கிறது. தேடிப் பார்த்துக் கண்டதற்கு மட்டும் ‘காணப்பட்டது’ என்று எழுதுங்கள்: நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது குளத்து நீரில் பச்சை அல்காக்கள் காணப்பட்டன. பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடி எழுதினாலும் ஒருவரும் புள்ளி குறைக்கப் போவதில்லை.

கேள்வி: செயப்பாட்டுவினை செய்தவரை ஒளிக்கும் என்று எழுதினீர்கள். அப்படியென்றால் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று நாங்கள் எழுதுவதும் ஒளிப்பதா? பக்கச்சார்பு வரக்கூடாது, ‘காணாமல் போனோர்’ என்று எழுதுங்கள் என்று எங்கள் கள அறிக்கையைத் திருத்தித் தந்தார்கள்.
– கள உத்தியோகத்தர், முல்லைத்தீவு

பதில்: தங்கச்சி, நான் எழுதிய அந்த ஒரு வரியைவிட உங்கள் கேள்வி பெரியது. இங்கே நிலைமை மறுபக்கம். ‘போனோர்’ தன்வினை. போன ஆளே எழுவாய். படலையைத் திறந்துகொண்டு தானாக நடந்து போனவருக்கும் அதே சொல்தான். ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் ஆக்கினவர் ஒருவர் உண்டு. அவர் ஆர் என்று சொல் சொல்லவில்லை, ஆனால் உண்டு என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தங்கள் பிள்ளைகளைத் தேடித் தெருவோரம் கொட்டகை போட்டுப் போராட்டம் இருந்த தாய்மாரும், அதே ஆண்டு முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்தவர்களும், இந்த ‘ஆக்கப்பட்ட’வை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இலக்கணம் படித்தவர்கள் அவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம். செய்தவரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, பெயர் தெரியாத இடத்தில் நிற்பதற்கு இருக்கிற ஒரே வினை அது.

ஆகவே ‘போனோர்’ நடுநிலை, ‘ஆக்கப்பட்டோர்’ பக்கச்சார்பு என்பது சரியான கணக்கல்ல. இரண்டுமே ஒவ்வொன்றைச் சொல்கின்றன. உங்கள் அறிக்கையில், ஆளைக் கையளித்ததையோ பிடித்துக்கொண்டு போனதையோ கண்ட சாட்சி உள்ள இடத்தில் ‘ஆக்கப்பட்டார்’ என்று எழுதி, சாட்சி சொன்னதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு விபரமும் இல்லாத இடத்தில் ‘இன்ன திகதிக்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை’ என்று எழுதலாம். அது இரண்டு பக்கமும் சாயாது.

விஞ்ஞானம் எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கோடையில் வற்றின குளத்தில் மீன் மிதக்கிறது என்று வையுங்கள். ‘மீன்கள் இறந்தன’ என்பது கண்டது. ‘மீன்கள் கொல்லப்பட்டன’ என்பது முடிவு. ஒட்சிசன் குறைந்து செத்ததா, நஞ்சு கலந்ததா என்று நீரைச் சோதித்துப் பார்க்காமல் இரண்டாவதை எழுத முடியாது. சோதித்து நஞ்சு என்று தெரிந்த பிறகும் முதலாவதோடு நிற்பது அதைவிடக் கூடாது.

கேள்வி: நான் தனியாகச் செய்த ஆய்வு. கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நான்’ என்று எழுதுவதா? ‘நான்’ என்றால் அகங்காரம் மாதிரி இருக்கிறது.
– விரிவுரையாளர், மன்னார்

பதில்: 1975இல் அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் ஜக் ஹெதரிங்ரன் என்ற பௌதிகவியலாளருக்கு இதே பிரச்சினை. தனியாளாகச் செய்த ஆய்வை ‘நாங்கள், நாங்கள்’ என்று தட்டச்சுச் செய்து முடித்துவிட்டார். தனி ஆள் எழுதினதற்கு ‘நாங்கள்’ போட்டால் இதழ் ஏற்காது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கணினியில் திருத்தும் வசதி இல்லாத காலம், முழுக்கத் திரும்பத் தட்டச்சுச் செய்யவேணும். மனிசன் தன் வீட்டுப் பூனையை எவ்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகப் போட்டு அனுப்பிவிட்டார். ‘பிசிக்கல் றிவியூ லெற்றர்ஸ்’ இதழில் அது அச்சாகியும் விட்டது.

உங்களிடம் பூனை இல்லை என்றால் ‘நான்’ என்றே எழுதுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நெறியும் அதைத்தான் சொல்கிறது: ஒருவர் என்றால் நான், பலர் என்றால் நாங்கள். ‘கட்டுரையாசிரியர் கருதுகிறார்’ என்று தன்னையே மூன்றாம் ஆள் ஆக்குவதில்தான் எனக்கு அகங்காரம் தெரிகிறது. தமிழில் ஒன்றைக் கவனியுங்கள். ‘நாம்’ என்றால் வாசிப்பவரும் சேர்த்தி. ‘அட்டவணையில் நாம் காண்பதுபோல’ என்பது சரி, அவரும்தான் பார்க்கிறார். ‘நாம் மாதிரிகளைச் சேகரித்தோம்’ என்றால் அவர் எப்போது உங்களோடு மன்னார்க் கடற்கரைக்கு வந்தார்?

கேள்வி: நெல்லைத் தாக்கும் அறக்கொட்டி (கபில நிறத் தத்தி) பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திரும்ப அச்சடித்துக் கொடுக்கப் போகிறோம். முதல் முறை கொடுத்தபோது ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. ஒரு பெரியவர், “விசிறப்பட வேணும் எண்டு கிடக்குது, ஆர் வந்து விசிறித் தருவினம்?” என்று நக்கல் அடித்தார். பார்த்துத் திருத்தித் தருவீர்களா?
– கமக்கார அமைப்புச் செயலாளர், அக்கராயன்

பதில்: பெரியவர் என்னைவிட நல்லாகத் திருத்தியிருக்கிறார். நீங்கள் அனுப்பியதில் உள்ளது இது: ‘கபில நிறத் தத்தியின் தாக்கம் அவதானிக்கப்படின் வயலில் தேங்கிய நீர் வெளியேற்றப்பட வேண்டும். யூரியாவின் மிகையான பாவனை தவிர்க்கப்பட வேண்டும். பயிரின் அடிப்பகுதி நனையுமாறு நாசினி விசிறப்பட வேண்டும்.’ விசயம் ஒன்றும் பிழையில்லை. ஆனால் ஆய்வறிக்கையின் முறையியல் பகுதியை வெட்டி வயலுக்குள் நட்டிருக்கிறார்கள். அங்கே செயப்பாட்டுவினை பொருந்தியது, செய்தவர் ஆர் என்பது தேவையில்லாத இடம் என்பதால். இங்கே செய்யப்போகிறவர் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம்தான் சொல்கிறோம்.

இப்படிப் போடுங்கள்:

‘வயலுக்குள் இறங்கி, பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பாருங்கள். அறக்கொட்டி இலையில் இருக்காது, அங்கேதான் மொய்த்துக்கொண்டு சாறு உறிஞ்சும். வட்ட வட்டமாகப் பயிர் மஞ்சளாகிக் காய்ந்தால் பிந்திவிட்டது. அதற்கு முதலே பாருங்கள். கண்டால் உடனே வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டு, சில நாள் வயலைக் காயவிடுங்கள். யூரியாவைக் கூட்டிப் போடாதீர்கள், அடர்த்தியாகவும் விதைக்காதீர்கள். இரண்டும் அதற்குத்தான் விருந்து. சிலந்தி நிறைய இருக்கிற வயலில் அவசரப்பட்டு மருந்தடிக்காதீர்கள், அறக்கொட்டியைத் தின்பதே சிலந்திதான். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், பயிரை விலக்கிவிட்டு அடித்தண்டில் படும்படி அடியுங்கள். மேலால் விசிறினால் காசுதான் நட்டம்.’

மருந்தின் பெயரும் அளவும் நான் போடவில்லை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் கடைசி வரிக்குக் கீழே பெரிய எழுத்தில் சேருங்கள்.